இரும்புக் குளிசையும் தோடம்பழமும்

சுபஹ் தொழுதுவிட்டு வந்த கையோடு இன்ஷாப் தோடம்பழத்தை நறுக்கிப் பிழியத் தொடங்கிவிட்டார்.

என்னைக் கட்டிய மாப்பிள்ளை இவர், உப்பளத்தில் வேலை. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. அதில் புளிச்சாறு பட்டால் எப்படி எரியும் என்று நான் சொல்லவா வேண்டும்? முகத்தைச் சுளிப்பார், ஸ்ஸ் என்பார். ஆனாலும் கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட்டுத்தான் மனுசன் கையைக் கழுவுவார்.

இரண்டு மாதமாக இதுதான் நடக்கிறது.

குவைத்துக்குப் போவதற்கு மெடிக்கல் எடுத்தேன். உடம்பில் இரத்தம் காணாது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு மூன்றாவது தரம். நாளையும் காணாவிட்டால் விசா போய்விடும் என்று ஏஜென்சிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இரும்புக் குளிசையைப் புளிப்பான பழச்சாறோடு போட்டால்தான் உடம்பில் பிடிக்கும் என்று கிளினிக்கில் குளிசை தந்த நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீடு பழக்கடைதான். தோடம்பழம் விலை ஏறினால் நாரங்காய். அதுவும் இல்லையென்றால் மதுரங்குளிச் சந்தியிலிருந்து ஆட்டுத்தலை பெரிதில் ஒரு ஜம்போலாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஒன்றும் கிடைக்காத நாளில் வேலியோரத்துத் தேசிக்காய்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

போன மாரியில் ஒருநாள் படுக்கை முழுக்க ஒழுகியது. வந்த ஆத்திரத்தில், குவைத்துக்குப் போயாவது இந்த வீட்டுக்கு ஒரு கூரை போடுகிறேன் என்று வாயை விட்டேன். உன் விருப்பம் என்றார். அவ்வளவுதான். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துவிட்டேன்.

அவர் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அன்றிலிருந்து ஏங்குகிறேன். நானாகப் போகிறேன் என்றவள், நானாக எப்படி வேண்டாம் என்பது? ஒவ்வொரு விடியலிலும் அவர் வாயைத்தான் பார்ப்பேன். அவர் பழத்தைப் பிழிவார். யா அல்லாஹ், இப்படியும் ஒரு வாயில்லாப் பூச்சியா!

இன்றும் சாற்றை வடித்துத் தந்தார். குளிசையைப் போட்டுக் குடித்தேன்.

கிளாஸைக் கீழே வைக்க முன்னமே, வழக்கம்போல ஆவி பறக்கப் பறக்க பிளேன்டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"சூடு ஆறுறதுக்குள்ள குடி புள்ள," என்றார், கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு.

கிளினிக்கில் அன்று மிஸ்ஸி இன்னொன்றும் சொன்னாள். குளிசை போட்டு இரண்டு மணித்தியாலத்துக்குத் தேயிலைச் சாயம் வாயில் படக்கூடாது, பட்டால் குளிசையும் வீண், பழச்சாறும் வீண் என்றாள்.

இவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். பால் விடாத பிளேன்டீயுமா என்று அவளிடம் திருப்பிக் கேட்டதே இவர்தான்.

இரண்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் ஊற்றித் தருகிறார். நானும் ஒரு நாள் தவறாமல் குடிக்கிறேன். ஆளுக்காள் இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

கோப்பையை எடுத்தேன். மிடறு மிடறாக, அடியில் கிடந்த தூள் வரைக்கும் குடித்து முடித்தேன்.

"இஞ்சாருங்க, இன்னொரு கோப்பை ஊத்துங்க," என்றேன்.