பத்தடி நடந்த பிறகு

“டாக்டர் விழுந்த எடம் வந்தா நிறுத்துங்க பாய்.”

கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்துகொண்டிருந்த முனீர் அகமது திரும்பிப் பார்த்தார். குதிரை மேல் உட்கார்ந்திருந்த பெண் ஜவ்வாது மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் மெர்சி, ஆம்பூர், தனி ஆள், மூன்று நாள் சவாரி என்று இருந்தது.

“எந்த டாக்டர் மேடம்?”

“சாமுவேல் டாக்டர். போன வருஷம்.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. டாக்டருக்கும் ஆம்பூர்தான். அவருடைய மனைவியை முனீர் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் வந்து நிற்பாள் என்று ஒரு வருடமாக எதிர்பார்த்திருந்தார். வந்துவிட்டாள். பயமோ வருத்தமோ வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இருந்தது.

காலையில் ஆலங்காயத்தில் கிளம்பும்போதே அவள் நடந்துகொண்டது வித்தியாசமாக இருந்தது. மற்ற நான்கு பேர் குதிரைகளோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் குனிந்து வயிற்று வாரைப் புரட்டினாள். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற தோல் பட்டை அது. அதன் அடிப்பக்கத் தையலை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பயப்படுகிறாள் என்று நினைத்து முனீர் விளக்கினார்.

“குதிரை பெரிய கில்லாடி மேடம். வாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயித்தை உப்பிக்கும். நல்லா இறுக்கிட்டோம்னு நாம நினைப்போம். நாலடி நடந்ததும் மூச்சை உட்டுடும், வார் தொளதொளன்னு ஆய்டும். அதனால பத்தடி நடக்க உட்டு, ரெண்டாவது தபா இறுக்கணும்.”

வாரில் அழுத்தியிருந்த 38 என்ற எண்ணையும் காட்டினார். “இது சைஸு.”

அவள் அந்த எண்ணை விரலால் தடவினாள். அவர் குதிரையைப் பத்தடி நடத்தி, இறுக்கி, இன்னும் இரண்டு முறை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறச் சொன்னார்.

இப்போது மற்றவர்களை உதவியாள் தானிஷ் முன்னால் அழைத்துப் போய்விட்டிருந்தான். கடுக்காய் மரத்தடியில் முனீர் குதிரையை நிறுத்தினார்.

“இதான் எடம்.”

அவள் தடுமாறி இறங்கினாள். அங்கே கிடந்த பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உடனே போய்ட்டாரா?”

“ஆமா மேடம். தலை கல்லுல பட்டுச்சு. ஒரு வார்த்தை பேசல.”

“அறுந்த வார் உங்க கைல இருக்கற மாதிரி பேப்பர்ல படம் வந்துச்சு. இன்னும் வச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தார். ஒரு வருடமாக அது அவர் தோள்பையிலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்ததும் பேச்சு தானாக வந்தது.

“அன்னிக்கு மொத தபா இறுக்குனது ஞாபகம் இருக்கு. நடக்க உட்டதும் ஞாபகம் இருக்கு. ரெண்டாவது தபா இறுக்குனேனா இல்லையான்னு மட்டும் இன்னி வரைக்கும் ஞாபகம் வரல. இறுக்கியிருக்க மாட்டேன். சேணம் அப்டியே சுத்திக்கிச்சு, அவர் விழுந்துட்டார். அப்பறம் குதிரை மிதிச்சு வார் கிழிஞ்சிருக்கும். போலீஸ்லயும் அதான் சொன்னேன். அதோட நான் குதிரை மேல ஏர்றதில்ல மேடம். நடந்தேதான் வர்றேன்.”

அவள் வாரின் கிழிந்த முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“மிதிச்சா தோலு கோணல்மாணலா பிய்யும் பாய். இத பாருங்க. பக்கிள் கிட்ட குறுக்கால தைச்சிருக்காங்கல்ல, அந்த ஓட்டை வழியாவே கிழிஞ்சு வந்திருக்கு. காலண்டர்ல தேதி கிழிச்ச மாதிரி.”

முனீர் பார்த்தார். தினமும் தொட்டுப் பார்த்த வார்தான். அது கோடு போட்டதுபோல நேராகக் கிழிந்திருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

“இஞ்சுக்கு ஏழு தையல் போடணும். இதுல பன்னெண்டு இருக்கு. நெருக்கித் தைச்சா பலம் ஜாஸ்தின்னு தோணும். ஆனா தையலுக்குத் தையல் ஊசி ஒரு ஓட்டை போடுது. ஓட்டை ஜாஸ்தியானா நடுவுல தோலு கம்மி.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “அதுவும் விறைப்பா இழுபட்டாதான் இப்டி அறும். தளர்வா இருந்திருந்தா சேணம் சுத்தியிருக்கும், வார் முழுசா இருந்திருக்கும்.”

“அப்டின்னா?”

“ரெண்டாவது தபாவும் நீங்க இறுக்கியிருக்கீங்க.”

கடிவாளத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பது முனீருக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளங்கை எரிந்தது. மரத்தடி வேரில் மெல்ல உட்கார்ந்தார்.

“இத சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? வீட்டுக்காரரை இழந்துட்டு, எனக்காக வந்திருக்கீங்களே. இன்னா மனசு மேடம் உங்களுக்கு!”

“நான் டாக்டர் வீட்டம்மா இல்ல.”

அவள் வாரைத் திருப்பினாள். அடிப்பக்கம் அழுத்தியிருந்த 41 என்ற எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

“அது சைஸுதானே?” என்றார் முனீர்.

“தைக்கிறவங்க நம்பர் பாய். நாப்பத்தொண்ணு நான்தான்.”