மூன்று மணி அழுகை

"வந்துட்டாளா அந்த ஒப்பாரி மறுபடியும்?"

சங்கச் செயலாளர் பேனாவை மூடினார். தையல் ஆலைப் பெண்களுக்காகத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பு: 'பிள்ளை பெற்ற தோழியரின் கண்ணீர் துடைப்போம்!'

பிள்ளை பெற்று இருபது நாளான அவர் மனைவி உள்ளறையில் இருந்தாள். அந்த வீட்டில் அவள் அழக்கூடாது.

முதல் வாரம், காரணம் சொல்லத் தெரியாமல் அவள் அழுதபோதே செயலாளர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"என்ன குறைச்சல் உனக்கு? நாலு பேர் வந்து போற வீடு. செயலாளர் பொண்டாட்டி எந்நேரமும் அழறான்னு பேர் வரணுமா?"

அவள் நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டையும் பேச்சையும் சேர்த்தே நிறுத்திக்கொண்டாள். வீட்டில் அமைதி திரும்பிவிட்டதாகச் செயலாளர் மகிழ்ந்தார்.

அதைக் கெடுக்க வந்தவள்தான் இந்தத் தோழி. தையல் ஆலையில் மனைவியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுப்பவள். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்துவிடுவாள்.

"நேத்தும் குடிச்சுட்டு வந்தான்டி அந்தப் பாவி. சோத்துத் தட்டை எட்டி உதைச்சான்..."

அவ்வளவுதான். மனைவி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அழுடி. எனக்காக நல்லா அழு" என்று தோழி குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

பத்து நாளாக இதே கூத்து. இன்று செயலாளருக்குப் பொறுக்கவில்லை. கிளம்பியவளை வாசலில் மறித்தார்.

"ஏம்மா, உன் குடும்பக் குப்பையைக் கொட்டப் பச்சை உடம்புக்காரிதான் கிடைச்சாளா?"

"நான் வந்துட்டுப் போனப்புறம் அவ சாப்பிடறாளா இல்லையா, தோழர்?"

சாப்பிடத்தான் செய்தாள். கொஞ்சம் தூங்கவும் செய்தாள். ஆனால் எதிராளி சொல்வதை ஒப்புக்கொண்டு செயலாளருக்குப் பழக்கமில்லை.

"பேச்சை மாத்தாதே! உன் புருஷன் பேரைச் சொல்லு. நாளைக்கே சங்கத்துக்கு இழுத்துட்டு வந்து நாலு கேள்வி கேக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சிரித்தாள்.

"எட்டு வருஷமா உங்க சங்கத்துலதான் இருக்கேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, தோழர்."

செயலாளர் திகைத்தார். "அப்போ... இது அவளுக்குத் தெரியாதா?"

"பக்கத்து மிஷின்காரிக்குத் தெரியாம இருக்குமா? அடுத்தவளுக்காக அழறதுக்குத்தான் இந்த வீட்டுல நீங்க இன்னும் தடை போடலை."