தரையைத் தொடும் புள்ளி

“தப்பு!” துறைத் தலைவர் மேசையைத் தட்டினார்.

கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றவள் திடுக்கிட்டாள். கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை வேலைக்கான நேர்காணல். மாமியார் படுத்த படுக்கையானதும் பார்த்த வேலையை விட்டவள், பல வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி வாசல் ஏறியிருக்கிறாள்.

கேள்வி இதுதான். ஒரே வேகத்தில் உருண்டு போகிற சக்கரம். அதில் தரையைத் தொடுகிற புள்ளிக்கு முடுக்கம் எவ்வளவு?

“அந்தக் கணத்துல அதோட வேகம் பூஜ்யம் சார். ஆனா முடுக்கம் இருக்கு. மேல, சக்கரத்தோட மையத்தைப் பார்த்து,” என்றிருந்தாள்.

“நிக்கிற புள்ளிக்கு ஏதும்மா முடுக்கம்? அதுவும் பூஜ்யம்தான். முப்பது வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன்.”

பக்கத்தில் இருந்த கல்லூரி முதல்வர், ‘ஆமாம்னு சொல்லிட்டுப் போயேம்மா’ என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“சார், மேல எறிஞ்ச பந்து உச்சியில ஒரு கணம் நிக்குது. அப்ப முடுக்கம் இல்லைன்னா, அது அங்கேயே தொங்கிக்கிட்டு இருக்கணுமே? இந்தப் புள்ளியும் அப்படித்தான். முடுக்கம் இல்லைன்னா தரையோட ஒட்டிக்கிட்டு நின்னுடும். அப்புறம் சக்கரம் எப்படி உருளும்?”

அவர் முகம் இறுகியது.

“நீங்க போகலாம்.”

வெளியே ஸ்கூட்டரோடு காத்திருந்த கணவன், விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தான். அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இந்த வேலையைத்தான் வீடே நம்பியிருந்தது.

“வேலை குடுக்கறவர்கிட்டயே போய் வாயைக் குடுத்தியா? பூஜ்யம்னா பூஜ்யம்னு சொல்லிட்டு வர்றதுதானே? அந்தப் புள்ளிக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?”

“நாளைக்கு கிளாஸ்ல பிள்ளைங்க கேட்டா?”

“முதல்ல கிளாஸ் கிடைக்கட்டும் தாயே!”

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அவள் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. வேலை அவளுக்குத்தான்.

சேர்ந்த அன்றே முதல்வர் வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“அவர் உங்களைச் சோதிச்சுப் பார்த்திருக்காரும்மா! மத்தவங்களும் சரியாத்தான் ஆரம்பிச்சாங்க. மேசையைத் தட்டினதும் ‘ஆமாம் சார், பூஜ்யம்தான்’னு பல்டி அடிச்சிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் அசையலை. உங்களைத்தான் எடுக்கணும்னு மறுநாள் வந்து ஒத்தைக் கால்ல நின்னார். பலே கில்லாடி!”

அவள் நெகிழ்ந்துபோய்த் துறைத் தலைவர் அறைக்குப் போனாள். மற்ற ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள்.

“மன்னிச்சுக்குங்க சார். சோதிக்கறீங்கன்னு தெரியாம அன்னைக்கு அதிகமாப் பேசிட்டேன்.”

“சோதனையா?” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அது முதல்வரே கட்டிவிட்ட கதை. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா எனக்கும் கௌரவமாத்தான் இருக்கும்.”

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஆனா அன்னைக்கு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்க்கிற வரைக்கும், எனக்கு நிஜமாவே தெரியாதும்மா.”