மெழுகுப் பல்

வேலை கேட்டு வந்த அந்தப் பெண் ஸ்பிரிட் விளக்கைத் தானாகவே எடுத்துப் பற்றவைத்தாள்.

வேலை தெரியாதவள் அப்படி உரிமையாகக் கை வைக்க மாட்டாள்.

விளம்பரத்துக்கு அன்றுதான் கடைசி நாள். முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் அந்தப் பல் கட்டும் லேபுக்கு வந்திருந்தேன். வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு விசா வாங்கிக் கொடுப்பது என் பிழைப்பு.

இங்கே சட்டம் ஒரு மாதிரியானது. வெளிநாட்டு ஆளின் விசாவை நீட்டிக்க வேண்டுமென்றால், அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே முதலில் விளம்பரம் கொடுக்க வேண்டும். உள்ளூரில் வேலை தெரிந்த ஆள் வந்துவிட்டால் நாற்காலி அவருக்கு. யாரும் தேறவில்லை என்றால்தான் விசா.

யாரும் தேற மாட்டார்கள். தேறாத மாதிரி விளம்பரம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். ஆளை நிற்கவைத்து அளவெடுத்துச் சட்டை தைப்பது போல எழுதுவேன்; இன்னொருவர் மாட்டினால் தோளிலேயே கிழியும்.

இவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதிலை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை விசா ஆபீசில் எவனாவது படித்துத் தொலைப்பான்.

முதலாளி டைல்ஸ் ஒட்டும் வேலையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். கடைவாய்ப் பல்லுக்கும் கூழாங்கல்லுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. வந்தவளுக்குப் பரீட்சை வைக்கத் தெரிந்தவர் அந்த லேபில் ஒரே ஒருவர்தான்.

எந்த நாற்காலிக்கு விளம்பரம் கொடுத்தோமோ, அதில் உட்கார்ந்திருந்த அக்கா.

விசா போனால் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். எந்த வீட்டிலிருந்து ஒரு விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாரோ, அதே வீட்டு வாசலுக்கு. அந்தப் புருஷன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். முதல் தடவை கோப்பு தயார் செய்தபோது, அக்காவின் முழங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டு நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஒரு பல் மட்டும் இல்லாத, மேலும் கீழுமாக மூடித் திறக்கும் தாடை அச்சை அக்கா மேசையில் வைத்தார். அந்த இடத்துக்கு மெழுகில் ஒரு கடைவாய்ப் பல் செய்ய வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

வந்தவள் கத்தியைச் சுடரில் காட்டினாள். மெழுகைத் தொட்டு, சொட்டு சொட்டாக வைத்தாள். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கென்ன.

அக்காவைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு அவள் அச்சை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

அக்கா நீலத்தாளை நடுவில் வைத்து, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் தட்டிப் பார்த்தார். பற்கள் எங்கெங்கே தொடுகின்றனவோ அங்கே நீலப் புள்ளி விழும். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு தாளைக் கிழித்து மறுபடி தட்டினார். மறுபடியும்.

தப்பு இருந்தால் ஒரே தட்டில் தெரிந்துவிடும். இல்லாத தப்பைத் தேடத்தான் இவ்வளவு நேரம் பிடிக்கும். அது எனக்கே புரிந்துவிட்டது.

சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். இந்த அக்கா பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். கோப்பில் ஒரு தேதியை மாற்றிச் சொல்லச் சொன்னபோது முகமெல்லாம் சிவந்து, கடைசியில் உண்மையையே சொல்லி என் உயிரை வாங்கியவர்.

"எப்படிம்மா, தேறுமா?" என்றார் முதலாளி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவின் உதடு இரண்டு முறை அசைந்தது.

"கடி சேரல சார்."

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே மறுபடி நின்றது. வந்தவள் கையை நீட்டி அச்சை எடுத்துக்கொண்டாள். தாடைகளை அவளே மூடினாள். மேலும் கீழும் அப்படியே அமர்ந்தன; தலைமுடி நுழைய இடமில்லை. முதலாளி பக்கம் திருப்பிக் காட்டினால் போதும். டைல்ஸ் ஒட்டியவருக்கு இடைவெளி தெரியாமலா போகும்?

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் அச்சைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"ஆமாக்கா. சேரல."

விளக்கை அணைத்தாள். கத்தியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள். நான் அவளோடு மாடிப்படி வரைக்கும் போனேன். வழியனுப்ப ஒன்றுமில்லை. அவள் மனசு மாறித் திரும்பி வந்துவிடக் கூடாது என்கிற பயம்தான்.

பாதிப் படியில் நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் வேற நாட்டுல இப்படி ஒரு லேப்லதான் சார் இருந்தேன். என் நாற்காலிக்கு ஒரு பொண்ணு வந்தா. என்னையவே பாத்துச் சொல்லச் சொன்னாங்க."

நகத்தில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினாள்.

"நல்லா செஞ்சிருக்கான்னு சொல்லிட்டேன்."