எல்லா ரூமும் ஃபுல்

மாடி அறை ஜன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோதே கார் வந்துவிட்டது.

"டேய், தங்க வந்தவன் எவன்டா துண்ட இப்படி அழகா மடிச்சுப் போடுவான்? சுருட்டி வீசு!" அக்கா கீழேயிருந்து அடிக்குரலில் கத்தினாள்.

வீசினேன்.

லாட்ஜ் அவள் பெயரில் இருக்கிறது. ராத்திரி ரிசப்ஷன் என் தலையில் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன கொடுப்பார்கள்?

இன்று இந்தக் கட்டடம் விலைபோனால் எங்காவது போய்ப் பகலில் வேலை பார்த்து ராத்திரியில் தூங்குவேன். போகாவிட்டால் இங்கேயே பல்லிகளோடு பேசிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆளைப் பிடித்தது நான். எதற்கு வாங்குகிறார் என்று கேட்கவில்லை. வாங்கினால் போதும். மிச்சப் பேச்செல்லாம் அக்கா. சொந்தக்காரி அவள்தானே.

அறைகளை ஆட்களால் நிரப்பியதும் அவள்தான்.

இந்தச் சாலையின் பழைய வித்தை அது. காலி லாட்ஜில் எவனும் வண்டியை நிறுத்த மாட்டான். அதனால் வியாபாரம் மந்தமான நாட்களில் முதலாளிகள் சொந்த வண்டிகளை வாசலில் நிறுத்துவார்கள். ஆளில்லாத அறைகளில் விளக்கைப் போடுவார்கள். துண்டுகளை நனைத்துக் காயப்போடுவார்கள்.

அப்போது சாலையின் இரு பக்கமும் லாட்ஜுகள். புறவழிச்சாலை திறந்ததும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. முதன்முதலில் ஏசி போட்ட லாட்ஜ் இப்போது மாட்டுத்தீவனக் கிடங்கு. நீச்சல்குளம் கட்டி எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்ட லாட்ஜில் மீன் வளர்க்கிறார்கள்.

மிச்சம் நாங்கள்தான்.

இழுத்து மூடியவர்கள்தான் இன்றைக்கு எங்கள் விருந்தாளிகள். மீன்காரர் குடும்பம் கீழறையில் டிவியை அலறவிட்டிருந்தது. தீவனக்காரர் நிஜமாகவே குறட்டை விட்டார்.

எதிர் லாட்ஜ்காரர் பனியனோடு வராந்தாவுக்கு வந்தார். சாகும்வரை அப்பா முகம்கொடுத்துப் பேசாத மனிதர்.

"ஏம்ப்பா, சோப்பு எங்க? என் லாட்ஜ்ல இப்படி நடந்திருந்தா கஸ்டமர் கால்லயே விழுந்திருப்பேன்."

"நீங்க எங்க மாமா கால்ல விழுந்தீங்க? எங்க கஸ்டமர் கையப் புடிச்சுல்ல இழுத்துட்டுப் போனீங்க."

அவர் வெட்கமே இல்லாமல் சிரித்தார்.

வாங்க வந்தவர் கீழே ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். நான் பின்னாலேயே நடந்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து திட்டு விழுந்தது. நடிப்பு என்று எனக்கே தோன்றவில்லை.

பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது. விலையைக் குறைக்க அடிபோடுகிறார் என்று நினைத்தேன்.

"எப்பவும் இப்படித்தான் சார். இடமே கிடைக்காது," என்றேன்.

அவர் மாடிக்குக்கூட ஏறவில்லை. நேராகக் காரில் போய் உட்கார்ந்தார்.

"கிடங்கு போடத்தான் தம்பி கேட்டோம். ஓடுற லாட்ஜ வாங்கி, இத்தனை பேர வெளியேத்திட்டு, நாங்க எப்போ வேலைய ஆரம்பிக்கிறது?"

கார் பக்கத்தில் குனிந்தேன். ஜன்னல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருக்கிற எல்லோரும் எங்கள் ஆட்கள், ஓர் ஈ காக்காகூட இங்கே தங்குவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"காலியா இருந்தா இன்னைக்கே அட்வான்ஸ் தந்துடறேன்னு நேத்து உங்க அக்காகிட்ட ஃபோன்ல தெளிவா சொன்னேனே," என்றார் அவர்.

என் கை தானாக விலகியது. கார் போய்விட்டது.

திரும்பினேன். வராந்தாவில் அக்கா நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போய்ப் படு. ராத்திரி டூட்டி இருக்குல்ல."