காலிக் கோப்பு

ஒரு நூலகத்தில் மாட்டு வைத்தியப் புத்தகம் ஒன்று இருந்தது. அது இருந்த அலமாரியில் எந்தப் புத்தகத்தின் பெயரும் கணினியில் தேடினால் வராது. பெயர் வராததை யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காததைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவது அங்கே வழக்கம். புத்தகம் கணினியின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, எங்க பேரையெல்லாம் ஏத்திட்டீங்களா?" என்று கணினியைக் கேட்டது.

"காலையிலேயே ஏத்தியாச்சு. ஒரு பிழை கிடையாது."

"பேரு வரலையே!"

புத்தக விவரங்களைச் சுமந்து வரும் கோப்பைக் கணினி கூப்பிட்டது. கோப்பு வாயைத் திறந்து காட்டியது. உள்ளே ஒன்றுமில்லை.

"காலியாவா வந்தே? ஏண்டா சொல்லலை?"

"வந்துட்டியான்னு கேட்டீங்க, வந்துட்டேன்னேன். உள்ளே என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"அதானே, உன்மேல தப்பில்லை" என்ற கணினி, அதே காலிக் கோப்பை மறுபடி ஏற்றியது. "பாரு, போன தடவையைவிட வேகம்!"

புத்தகம் கத்திக்கொண்டிருக்கும்போதே பேப்பர் கடைக்காரன் சாக்கோடு வந்து, அலமாரியையே வழித்து அள்ளிக்கொண்டு போனான்.

கணினி காலி அலமாரியை எட்டிப் பார்த்தது. "இப்பதான் சரியாச்சு. அங்கேயும் ஒண்ணுமில்லை, இங்கேயும் ஒண்ணுமில்லை."