நூறு மீட்டர் கிடாய்

அரிசோனா வெயில் சரளைக்கற்களின் மேல் துடித்துக்கொண்டிருக்கிறது. போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்னும் பத்து நிமிடம்தான். எந்தத் துப்பாக்கியோடு இறங்குவதென்று முடிவுக்கு வராத வில்மா, பாயில் மல்லாந்து, காலை மடக்கி, வெண்டலின் நீளக்குழல் கைத்துப்பாக்கியைக் கெண்டைக்காலில் சாய்த்துக் குறிபார்க்கிறாள். அவளுடைய துப்பாக்கி பக்கத்தில் திறந்த பெட்டிக்குள் காத்திருக்கிறது. நூறு மீட்டர் தள்ளி, சுட்டு வீழ்த்துவதற்காகக் கிடாய் உருவில் வெட்டி நிறுத்திய ஐந்து இரும்புத் தகடுகள். சுடுகிறாள். கிடாய்க்கு முன்னால், வெகு கீழே புழுதி எழுகிறது. புரண்டு படுத்து மறுபடி சுடுகிறாள். மறுபடியும் புழுதி.

"வெண்டல், உங்க துப்பாக்கிக்கு ஆடுன்னா ரொம்ப இரக்கம் போல."

"அதுக்கும் என்னை மாதிரி வயசாயிடுச்சும்மா."

கண் மங்கிவிட்டது, துப்பாக்கியை விற்றுவிடுகிறேன் என்று போன வாரம் அவரேதான் சொன்னார். வில்மா எழுந்து முழங்கால் புழுதியைத் தட்டுகிறாள். "இது எனக்கு சரிப்படாது. என்னோடதே போதும்."

அவர் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி, உள்ளே குண்டில்லை என்று பார்த்து, தூரத்துக்கேற்பக் குறியை ஏற்றி இறக்கும் திருகில் வழக்கம்போல் கட்டைவிரலை வைக்கிறார். விரல் அங்கேயே நிற்கிறது. காலையில் இருபத்தைந்து மீட்டரில் நிற்கும் இரும்புக் கோழிகளைச் சுடுவதற்கு அவர் வைத்த இடத்திலேயே திருகு இருக்கிறது. நூறு மீட்டர் கிடாய்க்கு அதை யாரும் ஏற்றவில்லை. அவர் வாயைத் திறக்கிறார். வில்மா அதற்குள் தன் பெட்டியோடு பெயர் கொடுக்கும் மேஜைப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள்.

"கவலைப்படாதீங்க, வேற யாராவது வாங்குவாங்க."

"வாங்குவாங்க, வாங்குவாங்க," என்கிறார் வெண்டல். துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து இரண்டு கொக்கிகளையும் போடுகிறார். போட்டுவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்தும் பார்க்கிறார்.